பின் இறக்கை: இல்லை

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி நிறுத்தியிருந்தது. எங்கள் மேசைப் பக்கம் காற்றே ஆகாது. செத்த பூச்சிதான் என்றாலும் பறந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பின் கீழே ஒரு பூச்சி ஒருக்களித்துக் கிடந்தது. முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், எங்கள் ஊர்ப் பள்ளத்தின் கரையில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து நானே பிடித்தது. புகைப்படம் எடுப்பதற்காக ஊசி முனையால் அதன் பெரிய இறக்கையை மெல்ல ஒதுக்கினேன்.

அடியில், தோளோடு ஒட்டி, இன்னொன்று இருந்தது. பிறந்த குழந்தையின் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. கண்ணாடிச் சில்லு போன்று நிறமே இல்லாமல் இருந்தது. விளக்கைச் சற்றுத் திருப்பியதும் மினுங்கியது. பின் இறக்கை.

மூன்று வாரம் முன்பு, அதே பள்ளத்துப் பூச்சிகளைப் பார்த்து, 'பின் இறக்கை: இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அடுத்த பூச்சியை எடுத்தேன். இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. பதினொன்றிலும் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, பேயறைஞ்சாப்புல உக்காந்திருக்கறீங்க?" என்றாள் பக்கத்து மேசைத் தோழி. சோமனூர்க்காரி, தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், எதையும் உரக்கத்தான் கேட்பாள்.

"ஒண்ணுமில்லீங்க. கண்ணு வலிக்குது" என்றேன்.

ஒரு வரியின் எடை

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனைமலையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. ஊருக்குக் கீழே ஒரு பள்ளம். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வோம். மலையிலிருந்து இறங்கி, கற்களில் முட்டி, சத்தம் போட்டுக்கொண்டே ஓடும்.

பள்ளத்தின் மேட்டில் ஒரு தென்னைநார்த் தொழிற்சாலை. மட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து அடித்து நார் எடுப்பார்கள். ஊறிய தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். தொட்டியைப் பெரிதாக்கி, அந்தத் தண்ணீரைப் பள்ளத்தில் விட அவர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். ஊரார் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி அதிகாரிகள் எங்கள் கல்லூரியைக் கேட்டார்கள்.

தண்ணீரை ஒருவர் பார்த்தார், மீனை ஒருவர். பூச்சி, ஆராய்ச்சி மாணவியான என் பங்கு.

என் பங்கில் முக்கியமானது ஒரே பூச்சிதான். ஆங்கிலத்தில் மேஃப்ளை. குழந்தைப் பருவம் முழுக்கத் தண்ணீருக்குள் கழிக்கும். இறக்கை முளைத்து வெளியே வந்ததும் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். இதில் ஒரு வகை ஓடுகிற, சுத்தமான தண்ணீரில்தான் வளரும். இன்னொரு வகை தேங்கின தண்ணீரையும் கொஞ்சம் அழுக்கையும் பொறுத்துக்கொள்ளும். நான் பார்த்த பூச்சி முதல் வகை என்றால் பள்ளம் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது வகை என்றால், அது ஏற்கெனவே கெட்ட பள்ளம், இன்னும் கொஞ்சம் கழிவு விட்டால் பெரிய நஷ்டமில்லை என்று வாதாட ஒரு தாள் கிடைத்துவிடும்.

நான் கொடுத்திருந்தது அந்தத் தாள்.

இறக்கையைப் படிப்பது

வளர்ந்த மேஃப்ளையை இறக்கையை வைத்துத்தான் இனம் காண வேண்டும். எங்கள் ஊரில் இதையும் ஈசல் என்பார்கள். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், முதுகின் மேல் படுத்துக் கிடக்கும். மேஃப்ளைக்கு முன் இறக்கை பெரிய முக்கோணம். உட்காரும்போது இரண்டையும் சேர்த்து நிமிர்த்தி வைத்திருக்கும். பின் இறக்கை சிறியது. சில வகைக்கு அதுவும் கிடையாது.

இறக்கை மங்கலாக, பனி படிந்த கண்ணாடியாக இருந்தால் அது முழுதாக வளரவில்லை. இன்னொரு முறை தோலுரிக்கும். இறக்கை முளைத்த பிறகு தோலுரிக்கும் பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான். அந்த மெல்லிய இறக்கையிலிருந்துகூடத் தோலை உருவிக்கொண்டு வெளியே வரும். அப்புறம்தான் தெளிந்த இறக்கை.

இளங்கலையில் முதன்முதலாக அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணை எடுக்கவே இல்லை. நரம்புகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, ஓரம்வரை போய், நடுவில் எண்ணெய் சிந்திய தண்ணீர்போல நிறங்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்காததை நான் பார்க்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதைப் பார்த்தாலும் அந்த எண்ணம் கூடவே வரும். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

பின் இறக்கை மட்டும் போதாது. முன் இறக்கையின் வெளி ஓரத்தில், பெரிய நரம்புகளுக்கு இடையே, எதனோடும் சேராத குட்டி நரம்புகள் நிற்கும். நான் பெயர் எழுதிக் கொடுத்த வகைக்கு அவை ஒவ்வோர் இடைவெளியிலும் ஒற்றையாக நிற்க வேண்டும். மற்றதற்கு இரண்டிரண்டாக. இரண்டையும் பார்த்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும்.

நான் பின் இறக்கையைத் தேடினேன். ஆறு பூச்சியில் இல்லை. மீதியைப் பார்க்கவில்லை, குட்டி நரம்பை எண்ணவும் இல்லை. அந்த வாரம் ஒரு கருத்தரங்கில் நான் பேச வேண்டியிருந்தது. மேடை ஏறிப் பேசப் போகும் முதல் தடவை. பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தேன்.

உக்கடம் பஸ் நிலையம்

அந்த முதல் பூச்சிகள் என்னிடம் எப்படி வந்தன என்று அறிக்கையில் ஒரு பொய் எழுதியிருந்தேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். 'முறை' என்ற இடத்தில் 'விளக்குத் திரை'.

உண்மையில் திரை கட்டப் போன அன்று மழை கொட்டியது. மறுநாள் தோப்புக்குள் யானை நிற்கிறது என்று வழியை அடைத்துவிட்டார்கள். கருத்தரங்குக்கு நாலே நாள், அதற்குள் அறிக்கையையும் கொடுத்தாக வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அம்மா அதே நார்த் தொழிற்சாலையில் கூட்டுகிற வேலை பார்த்தாள். பெயர் மயிலாத்தாள். விடிந்ததும் கேட்டுக்கு முன்னால் கூட்டத் தொடங்குவாள். கேட்டு விளக்குக்கு அடியில் இரவெல்லாம் வந்து விழுந்த பூச்சிகள் கிடக்கும்.

"அம்மா, லைட்டுக்கடியில றெக்கை வெச்ச பூச்சி செத்துக் கெடக்குமில்ல, வாலு நீளமா? அதைய ஒரு டப்பால எடுத்து வை."

"அந்தக் கருமத்தையா? எதுக்குக் கண்ணு?"

"றெக்கையைப் பாக்கோணும்."

"செரி, செரி. நாளைக்கு வெடியால எடுத்துப்போடறேன். நீ நேரத்துக்குத் தின்னு."

இரண்டு நாள் கழித்து டப்பாவோடு அவளே பொள்ளாச்சி பஸ் பிடித்து வந்தாள். கல்லூரிவரை வருகிறேன் என்றாள். நீ படிக்கிற இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லையே என்றாள். நான் உக்கடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டேன். தொழிற்சாலைச் சீருடைப் புடவையோடு வந்திருப்பாள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால், நோம்பிக்கு எடுத்த ஊதாப் புடவை. தலை நிறையப் பூ.

டப்பாவைத் திறந்து காட்டினாள். அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு மண், ஒரு தூசி இல்லை.

"எப்படி, சுத்தமா இருக்குதா?"

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன்.

முறம்

பதினொரு பூச்சிகளைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் ஊருக்குப் போனேன். பழைய டப்பாவில் எஞ்சியவற்றை அதற்குள் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தேன். இரண்டே இரண்டில் ஒரு பக்கப் பின் இறக்கை மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றவற்றில் தோளில் ஒரு சின்னத் தழும்பு. அத்தனை இறக்கையும் எங்கே போயின என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"அன்னைக்கு எப்படிம்மா எடுத்த?"

"ஏன், பத்துலீங்களா?"

அம்மாவுக்கு நான் பெரிய படிப்புக்குப் போனதிலிருந்து இடையிடையே 'ங்க' வந்துவிடும். கேலியா மரியாதையா என்று தெரியாது.

"பத்துச்சு. செஞ்சு காட்டு."

மறுநாள் விடிகாலையில் அவளோடு போனேன். கேட்டு விளக்கு அணைந்திருந்தது. அம்மா பூஞ்சீமாறால், ஒரு பூச்சியும் நசுங்காமல், வண்ணான் துணி மடிப்பதுபோலப் பக்குவமாக ஒதுக்கினாள். பிறகு காகிதத்தில் அள்ளி, வீட்டிலிருந்து எடுத்து வந்த முறத்தில் கொட்டினாள்.

முறத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் மழைக்கு ஈசல் கிளம்பினால் எங்கள் தெருவே முறத்தோடு நிற்கும். ஈசலைப் பிடித்து, காயவைத்து, முறத்தில் புடைத்து, இறக்கையை ஊதித் தள்ளிவிட்டு, உடம்பை வறுத்துப் பொரியோடு கலந்து தின்போம். அம்மா ஊதினால் இறக்கை ஒன்று மிஞ்சாது. ஆனால் நான் இறக்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதனால் அவள் வேறு மாதிரி செய்தாள். முறத்தைத் தட்டவில்லை. ஓரமாகச் சாய்த்து, உதட்டைக் குவித்து, கைக்குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல ஊதினாள். மண் போயிற்று. நார்த்தூள் போயிற்று. கடைசியாக, வெயில் வராத அந்த வெளிச்சத்தில், உமியைவிடச் சிறியதாக ஏதோ மினுங்கிக்கொண்டு முறத்தின் விளிம்பைத் தாண்டிப் பறந்தது.

"பெரிய றெக்கை ஒண்ணாச்சும் ஒடைஞ்சிருக்குதா, பாரு" என்று முறத்தை நீட்டினாள். "உதிந்த பொடியையெல்லாம் ஊதிவுட்டுட்டுத்தான் டப்பால போட்டேன். நம்ம புள்ளை நாலு பேரு முன்னால தொறக்கும், குப்பையாக் கெடந்தா மானக்கேடல்லொ."

அந்தப் பொடிதான் பின் இறக்கை என்று நான் சொல்லவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

திருத்தம்

துறைத் தலைவர் மேடம் நல்லவர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"திருத்தம் கொடுத்துடலாம். அனுமதி பத்தின மீட்டிங்குக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. ஆனா காரணம் எழுதணும். சாம்பிள் யார் எடுத்தது?"

"எங்கம்மாங்க மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "லேபிள்ல உன் பேர் இருக்கே?"

"நான்தாங்க மேடம் போட்டேன்."

"சரி. சேகரித்தவர் பேரை மாத்து. பயிற்சி பெறாத நபர் கையாண்டதால இறக்கை உதிர்ந்துடுச்சுன்னு எழுது. அப்படின்னா உன் மேல பெருசா வராது. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு இங்க."

"குட்டி நரம்பையும் நான் பாக்கலீங்க மேடம். பாத்திருந்தா..."

"அதைக் கேட்டா சொல்லு. கேக்காததை எதுக்கு எழுதற?"

அந்த அறையை விட்டு வெளியே வந்து, அரைமணி நேரத்தில் தட்டச்சு செய்தேன். புதிய மாதிரிகளில் பின் இறக்கை தெளிவாக உள்ளது, எனவே இது ஓடும் நீரில் வாழும் வகை என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் இப்படி எழுதினேன்: 'முந்தைய மாதிரிகளைச் சேகரித்தவர் திருமதி மயிலாத்தாள், துப்புரவுப் பணியாளர். பயிற்சி பெறாத நபர் கையாண்டதால் பின் இறக்கைகள் உதிர்ந்துவிட்டன.'

எழுதும்போது கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

பெயர் கேட்டது

கூட்டம் ஊராட்சி அலுவலகத்தில், மதியம். முன்வரிசை நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். தொழிற்சாலை ஆட்கள் எதிர் வரிசையில். ஊர்ச் சனம் பின்னால் நின்றது. சாப்பாட்டு நேரம் என்பதால் அம்மாவும் கூட வேலை செய்கிற பெண்களும் வந்து கதவோரம் நின்றார்கள். அவள் என்னைக் காட்டிப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள்.

அதிகாரி என் திருத்தத்தை வாசித்தார். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரல்.

'திருமதி மயிலாத்தாள்' என்று வந்ததும் பின்னால் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துப் பெண் அவளைத் தோளால் இடித்து, "அடியாத்தா, மயிலக்கா பேரு கெவுருமெண்டுத் தாள்ல வந்திருச்சு!" என்றாள்.

அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.

சிரித்த வாய் உடனே மூடவில்லை. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகும் முகத்தை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். யாரோ, "பயிற்சி இல்லாமயா இருவது வருசமாக் கூட்டறா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்து, பள்ளத்தை மறுபடி ஆய்வு செய்ய முடிவாயிற்று. ஊரார் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் சால்வைகூடக் கொண்டு வந்திருந்தார்.

மறுநாள் காலை அம்மாவைத் தொழிற்சாலைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள்.

அம்மா கேட்டது

"சூப்ரவைசரு என்ன சொன்னாருன்னு தெரியுமா?" என்றாள். அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "'உன்ற புள்ளை படிச்ச புள்ளைன்னு சொல்லீட்டுத் திரிஞ்சயல்லொ, இனி அவளோட காலேசுலயே போயிக் கூட்டு'ன்னு சொல்லிப்போட்டாரு."

"நான் போய்ப் பேசறம்மா."

"ஒண்ணும் வேண்டாம். சோலி போனாப் போகுது. காடு கரை இல்லாத ஊரா?" வெங்காயத் தோலைக் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளினாள். "மொறத்துல போட்டு ஊதாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊதியிருக்க மாட்டனல்லொ கண்ணு. நாங்காட்டும்போதுகூட நீ ஆமாம்மான்னுதான சொன்ன?"

அப்போதுதான் சொன்னேன். முன் இறக்கையை அவள் பத்திரமாகத்தான் கொண்டு வந்தாள், அதன் ஓரத்திலேயே விடை இருந்தது, குட்டி நரம்புகள் இரண்டிரண்டாக நின்றன, எண்ணிப் பார்த்திருந்தால் பின் இறக்கை உதிர்ந்தது பெரிய விஷயமே இல்லை, எண்ணாதது நான். "தப்பு என்ற மேலதாம்மா."

அம்மா திரும்பினாள். கண் வெங்காயத்தால் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"அதைய அங்கல்லொ சொல்லோணும். அத்தனை சனத்துக்கு முன்னால என்னையச் சொல்லிப்போட்டு, இங்க அடுப்புக்கிட்ட வந்து எங்கிட்டச் சொன்னா, ஆருக்குக் கண்ணு கேக்கும்?"

அடுத்த வாரம் இன்னொரு கடிதம் எழுதி மேடத்திடம் நீட்டினேன். மூன்றே வரி. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோப்பு மேலிடத்துக்குப் போய்விட்டது, ஓர் அறிக்கைக்கு ஒரு திருத்தம்தான், இதைப் போட்டால் முதல் திருத்தத்தின் மேலேயே சந்தேகம் வரும், பள்ளம் முக்கியமா உன் மனசு முக்கியமா என்றார். பள்ளம்தான் முக்கியம். கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அம்மா இப்போது கடலைக் காட்டுக்குக் களை எடுக்கப் போகிறாள். போன் செய்தால் பேசுகிறாள். சாப்ட்டீங்களா என்கிறாள். பூச்சியைப் பற்றிக் கேட்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ங்க' போடுகிறாள். அது கேலி இல்லை என்று இப்போது தெரிகிறது.

அந்த மூன்று வரி இதுதான்: 'மாதிரிகளைச் சேகரித்தவர் முன் இறக்கைகளைச் சேதமின்றிக் கொடுத்தார். அவற்றைப் பயிற்சி பெற்ற நபர் சரியாகப் பார்க்கவில்லை. அந்த நபர் நான்.'

இந்த இதழ் எங்கள் ஊர்ப் பேக்கரிக்கு வியாழக்கிழமை வரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேறு யாராவது படித்துச் சொல்வதற்குள் நான் பஸ் ஏறிப் போய், அவளை அந்தப் பேக்கரி வாசலுக்கே கூட்டி வந்து, டீ குடிக்க நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி இந்தக் கட்டுரை முழுவதையும் படிக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டேன். உரக்கப் படிக்க முடியுமா என்று இந்த அறையில் ஒரு முறை முயன்று பார்த்தேன். அவள் பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.